லிசெத் மொரேய்ரா என்ற பெயர் எழுதிய உடுப்பு

அனுப்புநர்:
ரிகோபெர்த்தோ செவாயோஸ் (வயது 66),
வானொலிச் செய்தியாளர் (ஓய்வு),
மீன்துறைத் தெரு, ஆற்றங்கரைக் குடியிருப்பு,
புவெர்த்தோ சான் லெயாந்த்ரோ, ஈக்வடார்.

பெறுநர்:
மாகாண சுகாதார இயக்குநர் அவர்கள்,
மாகாண சுகாதார அலுவலகம்,
புவெர்த்தோ சான் லெயாந்த்ரோ.

பொருள்: பொது மருத்துவமனையில் பெருந்தொற்றுக் காலத்தில் பணியாற்றிய டாக்டர் லிசெத் மொரேய்ரா, நோயாளியைக் கைவிட்டதாகக் கூறும் குற்றச்சாட்டை அந்த நோயாளியே மறுப்பது – ஊரகப் பணிக் குலுக்கலுக்கு முன் விசாரணையை நடத்தக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் ஐயா அவர்களுக்கு,

1. இம்மாதம் 9ஆம் தேதி புதன்கிழமை காலை, கட்டாய ஊரகப் பணியிடங்களை ஒதுக்கும் குலுக்கலில் கலந்துகொள்ளத் தகுதி பெற்ற புதிய மருத்துவர்களின் பட்டியல் தங்கள் அலுவலகத் தரைத்தளத்தில் ஒட்டப்பட்டது. அதில் டாக்டர் லிசெத் மொரேய்ராவின் பெயர் இல்லை. இது கவனக்குறைவால் விடுபட்டதல்ல என்பதைப் பணியாளர் பிரிவுச் செயலர் அன்றே என்னிடம் உறுதி செய்தார். "விசாரணை முடியாதவங்க பேரைச் சேர்க்க முடியாது சார். அந்தப் பொண்ணோட விசாரணை அக்டோபர் ஆறாம் தேதி" என்றார். குலுக்கல் செப்டம்பர் 25 அன்று நடக்கிறதே என்று கேட்டேன். "ரெண்டு தேதியும் வேற வேற பிரிவு போட்டது. இவங்க அவங்களைக் கேக்கறதில்ல, அவங்க இவங்களைக் கேக்கறதில்ல" என்றார். அவர் சொன்னது உண்மை. ஆகவே இரு பிரிவுகளுக்கும் மேலே உள்ள தங்களுக்கு எழுதுகிறேன்.

2. நான் யார் என்பதை முதலிலேயே தெரிவிப்பது முறை. அந்த விசாரணைக் கோப்பில் "கைவிடப்பட்ட நோயாளி" என்று குறிக்கப்பட்டிருப்பவன் நான். புகார் கொடுத்தவர் என் மனைவி தெலிதா. என்னை யாரும் கைவிடவில்லை. இதைச் சொல்ல ஜூன் மாதத்திலிருந்து மூன்று முறை தங்கள் அலுவலகத்திற்கு வந்தேன். இன்றுவரை என் வாக்குமூலம் பெறப்படவில்லை. மூன்றாம் முறை வந்தபோது, "நோயாளி ஆக்ஸிஜன்ல இருந்ததால அவரோட நினைவு நம்பத்தக்கதில்லைன்னு குறிப்பு இருக்கு" என்று ஓர் அலுவலர் விளக்கினார். நினைவு நம்பத்தக்கதா என்பதைக்கூட என்னைக் கேட்காமலேயே முடிவு செய்திருக்கிறார்கள்.

3. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கடந்த மார்ச்சில் நம் மருத்துவமனையின் மூன்று மூத்த மருத்துவர்களில் இருவர் நோயுற்றார்கள். மூன்றாமவரான டாக்டர் ஒர்தோன்யெஸ் வயது காரணமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பயிற்சிக் காலம் முடியாத இறுதியாண்டு மாணவர்கள் ஐந்து பேருக்கு முன்கூட்டியே பட்டம் அளித்து அந்த இடங்களை நிரப்பினார்கள். பட்டமளிப்பு தொலைபேசித் திரையில் நடந்தது. டாக்டர் லிசெத் அதைப் பற்றிப் பின்னர் என்னிடம் சொன்னது இது: "ஆஸ்பத்திரி வாசல்ல வாழைக்காய் லாரி நின்னுச்சு. அது மேல போனைச் சாத்தி வச்சு, கையைத் தூக்கி சத்தியம் பண்ணினேன். லாரிக்காரர் கை தட்டினார். கேட்டைத் தாண்டி உள்ள போனா, முதல் கட்டில்லயே ஆள் மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு இருக்கார்." அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

4. அந்த ஐவரின் பணி ஆணையில், ஒவ்வொரு பணி நேரத்திலும் ஒரு மூத்த மருத்துவர் அருகில் இருந்து வழிநடத்துவார் என்று எழுதப்பட்டுள்ளது. நகலை இணைத்துள்ளேன். ஏப்ரல் மாதம் முழுவதும், நான் சேர்க்கப்பட்டிருந்த தொற்று வார்டில் அப்படி ஒருவரும் இல்லை. குவாயாகில் நகரிலிருந்த ஒரு நிபுணரைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ள ஏற்பாடு இருந்தது. அவர் நல்லவர். அவரைப் பல மருத்துவமனைகள் ஒரே சமயத்தில் அழைத்துக்கொண்டிருந்தன. நான் கட்டிலில் கிடந்து கேட்டதெல்லாம் பெரும்பாலும் அழைப்பு மணிதான்.

5. இனி உடுப்பு. இந்த வழக்கு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. பாதுகாப்பு உடுப்புகள் வரவில்லை. ஐவரின் குடும்பங்களும் மழைக்கோட்டுத் துணி வாங்கி ஆளுக்கு ஒன்று தைத்துக் கொடுத்தன. வாழைத்தார் மூடும் நீல உறைகளைக் காலணிமேல் கட்டிக்கொண்டார்கள். முகம் தெரியாததால் நோயாளிகள் மிரண்டார்கள். எதிர்த்த நடைபாதையில் நின்று கண்ணாடி வழியே பார்க்கும் உறவினர்களுக்கும் யார் யாரென்று தெரியவில்லை. ஆகவே ஒவ்வொருவரின் முதுகிலும் கறுப்புச் சாயத்தில் பெயர் எழுதினார்கள். நல்ல எண்ணத்தில் செய்த வேலை.

6. ஆனால் அது மழைக்காலம். உடுப்புகளைக் குளோரினில் அலசி முற்றத்துக் கொடியில் போடுவார்கள். மழை வரும், நனையும். ஆளுக்கு ஓர் உடுப்புதான். அதனால் எது காய்ந்திருக்கிறதோ அதை எடுத்து மாட்டிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. டாக்டர் ஒர்தோன்யெஸ் விட்டுப்போன, அவர் பெயர் எழுதிய பழைய உடுப்பும் அந்தச் சுற்றில் சேர்ந்துகொண்டது. வார்டுக்குள் இதில் ஒரு குழப்பமும் இல்லை. செவிலியர் ஹாசிந்தா சான்தானா கையொப்பமிட்ட வாக்குமூலத்தில் இப்படிச் சொல்கிறார்: "முதுகைப் பார்த்து யாரு கூப்பிட்டா? நடையைப் பார்த்தாலே தெரியும். வில்மெர் ஒட்டகச்சிவிங்கி, லிசெத் வாத்து. அதுங்க எந்தச் சட்டை போட்டா என்ன?" குழப்பம் நடைபாதையில் இருந்தது. அங்கே நின்றவர்கள் முதுகைத்தான் பார்த்தார்கள்.

7. நானும் அதில் ஏமாந்தவன்தான். என்னைக் கவனித்த மருத்துவரின் முதுகில் ஒர்தோன்யெஸ் என்று இருந்தது. உள்ளேயிருந்து வந்ததோ இளம்பெண் குரல். "டாக்டர் ஒர்தோன்யெஸ்" என்று நான் அழைத்தபோது, "அவர் வீட்ல பத்திரமா இருக்கார். அவர் சட்டைக்குள்ள நான் இருக்கேன். என்ன பேர் சொல்லி வேணா கூப்பிடுங்க பெரியவரே, மூச்சை மட்டும் நிதானமா விடுங்க" என்றார். என் குரலை அடையாளம் கண்டுகொண்டு, "காலைச் செய்தி நீங்கதானே? சின்ன வயசுல உங்க குரல் கேட்டாத்தான் எங்கம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவாங்க. இப்ப தயவுசெஞ்சு வாயை மூடுங்க" என்றும் சொன்னார். மூடினேன்.

8. புகாருக்குரிய நாள் ஏப்ரல் 16, வியாழக்கிழமை. நண்பகல் கடந்து, பிற்பகல் இரண்டு மணி ஊரடங்கு தொடங்குவதற்குச் சற்று முன். வார்டில் இரண்டு மருத்துவர்கள் இருந்தார்கள். டாக்டர் வில்மெர் சுக்கில்யா, லிசெத்தின் பெயர் கொண்ட உடுப்பை அணிந்திருந்தார். அவருடையது ஈரமாக இருந்தது. டாக்டர் லிசெத், ஒர்தோன்யெஸ் உடுப்பை அணிந்திருந்தார். வில்மெருக்குக் காலையிலிருந்தே காய்ச்சல் அடித்தது. என் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், முகக்கவசத்துக்குள்ளேயே வாந்தி எடுத்தார். லிசெத் அவரிடம் சொன்னதை நான் இரண்டு கை தூரத்தில் கேட்டேன். "வில்மெர், நீ இங்க விழுந்தா உன்னைத் தூக்க ஆள் இல்ல. இன்னொரு கட்டிலும் இல்ல. போடா வெளிய." அவர் தயங்கினார். "என் பக்கத்துக் கட்டிலையெல்லாம் யாருடி பார்ப்பா?" "நான் பார்க்கறேன். போ." அவர் போனார்.

9. அவர் போன சிறிது நேரத்தில் என் ஆக்ஸிஜன் உருளை தீர்ந்தது. மாற்று உருளை நடைக்கோடியில் இருந்தது. அதைத் திறக்கும் சாவி அடுத்த வார்டில் இருந்தது. செவிலியர் ஹாசிந்தா அதற்காக ஓடினார். டாக்டர் லிசெத் கையால் அழுத்தும் காற்றுப் பையை என் முகத்தில் பொருத்தி, கட்டில்மேல் ஒரு முழங்காலை ஊன்றி, அழுத்திக்கொண்டே இருந்தார். உடுப்பு பெரிதாக இருந்ததால் கைப்பகுதி வழிந்து அவர் விரல்களை மறைத்தது. அதைப் பல்லால் இழுத்துவிட முயன்றார். முகக்கவசம் இருப்பது அவருக்கு மறந்துவிட்டது. எனக்கு நினைவு தப்பவில்லை. தப்பியிருந்தால் இதை எழுதியிருக்க முடியாது. சாவி வந்தது, உருளை மாறியது, நான் பிழைத்தேன்.

10. அதே நேரத்தில் என் மனைவி எதிர்த்த நடைபாதையில் நின்றார். லிசெத் மொரேய்ரா என்று முதுகில் எழுதிய ஒருவர் என் கட்டிலருகிலிருந்து விலகி, வார்டை விட்டு வெளியேறி, முற்றத்து வாதுமை மரத்தடியில் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு உட்காருவதைக் கண்டார். சிறிது நேரத்தில் உள்ளே ஓடும் செவிலியரையும் என்மேல் கவிந்து நிற்கும் "ஒர்தோன்யெஸ்" அவர்களையும் கண்டார். மரத்தடியிலிருந்து எழுந்து நின்றவரைப் பின்புறமாகக் கைபேசியில் படம் பிடித்தார். ஊரடங்கு மணி அடித்தது; போலீசார் நடைபாதையைக் காலி செய்தார்கள். நான் உயிரோடு இருக்கிறேனா என்று தெரியாமல், அந்தப் படம் மட்டும் கையிலிருக்க, மறுநாள் வரை வீட்டில் இருந்தார். அந்த நிலையில்தான் அவர் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டார், புகாரும் எழுதினார். அவர் பொய் சொல்லவில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். கண்ட பெயரைச் சொன்னார். அந்தப் பதிவில் ஓடிப்போன லிசெத்தைச் சபித்தார், காப்பாற்றிய ஒர்தோன்யெஸுக்கு நன்றி சொன்னார். ஒரே ஆளைத்தான் அவர் சபித்ததும் வணங்கியதும் என்பது அவருக்குத் தெரியாது. பதிவு ஊர் முழுதும் சுற்றியது. டாக்டர் ஒர்தோன்யெஸுக்கு நகராட்சி பாராட்டுக் கேடயம் அனுப்பியது. டாக்டர் லிசெத்துக்குக் குற்றக் குறிப்பாணை போனது, பணியிலிருந்தும் நிறுத்தப்பட்டார்.

11. மே மாதம் வீடு திரும்பிய பின், "அந்தப் பொண்ணை நான் சும்மா விடல" என்று என் மனைவி சொன்னபோதுதான் இது எனக்குத் தெரியவந்தது. எந்தப் பெண் என்று கேட்டேன். படத்தைக் காட்டினார். படத்தில் உள்ளவரின் கால்சட்டை கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடுகிறது; கீழே நீல உறைக்குள் ஆண்கள் அணியும் பெரிய ரப்பர் காலணி. டாக்டர் லிசெத் என் தோளுக்குக்கூட எட்டமாட்டார். என் மனைவி படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். "இது ஆம்பளைக் கால்" என்றார். பிறகு, "அப்ப நான் யாரைத் திட்டினேன்?" என்று கேட்டார். மறுநாளே புகாரைத் திரும்பப் பெறத் தங்கள் அலுவலகத்திற்கு வந்தார். "அம்மா, புகார் கொடுக்கறது உங்க கையில. வாங்கிட்டா அது எங்க கையில" என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

12. கேட்டதை அப்படியே எழுதும் பழக்கம் எனக்கில்லை. ஆகவே சம்பந்தப்பட்டவர்களை நேரில் கண்டு உறுதி செய்தேன். டாக்டர் ஒர்தோன்யெஸ், தாம் மார்ச்சுக்குப் பின் மருத்துவமனை வாசலை மிதிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துள்ளார். கேடயத்தை ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். "மேளம் இல்லாத குறையா ஊரே வீட்டு வாசல்ல வந்து நிக்குது. இல்லைன்னு எப்படிப்பா சொல்றது? நான் நல்லா செஞ்ச ஏதோ பழைய வேலைக்குத் தர்றாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்" என்றார். நேர்மையான பதில் என்றே கருதுகிறேன்.

13. டாக்டர் வில்மெர் சுக்கில்யாவுக்கு ஏப்ரல் 18 அன்று தொற்று உறுதியானது. அவர் பல வாரங்கள் படுக்கையில் இருந்து தேறி, இப்போது மேல்நதிப் பகுதியில் பெற்றோரின் நெல்வயல் வீட்டில் இருக்கிறார். அன்று உடுப்புக்குள் இருந்தது தாமே என்று ஜூலை மாதமே தங்கள் அலுவலகம் வந்து சொல்லியிருக்கிறார். இந்த வழக்கில் அவர் ஒரு தரப்பினர் அல்ல என்று பதில் கிடைத்தது. தகுதிப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. இந்த மனுவில் அவர் பெயரை எழுதினால் அது நீக்கப்படக்கூடும் என்று அவரிடமே எச்சரித்தேன். "எழுதுங்க சார். அவ பேரை முதுகுல போட்டுக்கிட்டு வெளிய போனது நான். அடி மட்டும் அவளுக்கா?" என்றார். அவர் அனுமதியுடனேயே எழுதுகிறேன்.

14. டாக்டர் லிசெத் தம் விளக்கக் கடிதத்தில் ஒரே வாக்கியம் எழுதியிருக்கிறார்: அன்று நான் வார்டை விட்டு வெளியேறவில்லை. வெளியேறியது யார் என்று எழுதவில்லை. அதையே அவருக்கு எதிராகக் கொண்டிருக்கிறார்கள். ஏன் எழுதவில்லை என்று அவரைக் கேட்டபோது என்மேல் கோபப்பட்டார். "அவன் ஓடிப்போகல. நான் போகச் சொன்னேன், போனான். பேரைச் சொன்னா அதே குறிப்பாணை அவனுக்குப் போகும். வாந்தி எடுத்துக்கிட்டு நின்னவனுக்கு. நீங்களும் பார்த்தீங்கதானே?" ஆம், பார்த்தேன்.

15. குறிப்பாணையின் வாசகம், "பணி நேரத்தில் மேல்நிலை மருத்துவரின் அனுமதியின்றி வார்டை விட்டு வெளியேறியமை". அப்படி வெளியேறியவர் டாக்டர் லிசெத் அல்லர். வில்மெரும் குற்றவாளி ஆகமாட்டார். அனுமதி கேட்க அங்கே மேல்நிலை மருத்துவர் ஒருவரும் இல்லை. இருந்தவர்கள் இருவர், இருவருக்கும் பட்டம் கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நோயுற்ற ஒருவரை வெளியே அனுப்பும் முடிவை ஒரு மூத்தவர் எடுத்திருக்க வேண்டும். அதை இருபத்து நான்கு வயதுப் பெண் எடுத்தார், சரியாக எடுத்தார். மூத்தவரின் இடம் ஏன் காலியாக இருந்தது என்ற கேள்வியைக் கோப்பில் எங்கும் காணவில்லை. முடிந்தால் அதையும் சேர்க்க வேண்டுகிறேன்.

16. ஊரகப் பணியை முடிக்காமல் இந்நாட்டில் எவரும் மருத்துவத் தொழில் செய்ய முடியாது என்பதைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். அடுத்த குலுக்கல் எப்போது என்பதை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர்கள் அதில் கடைசி வரிசையில் நிறுத்தப்படுவார்கள் என்பது மட்டும் உறுதி. இப்போது டாக்டர் லிசெத், தம் தாய் நடத்தும் மீன் சூப்புக் கடையில் கிண்ணங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறார். சென்ற ஞாயிறு அங்கே நான் உட்கார்ந்திருந்தபோது ஒரு வாடிக்கையாளர், "பார்த்து ஊத்து டாக்டரம்மா, பாதியில விட்டுட்டு மரத்தடிக்குப் போயிடாதே" என்றார். சிலர் சிரித்தார்கள். தாய் கரண்டியை நிறுத்தாமல், "ரெண்டாம் கிண்ணம் கேட்டுட்டுப் பாதியில எழுந்து போறது உன் பழக்கம்யா, என் மகளோடது இல்ல" என்றார். மகள் வெங்காயம் தூவினார். பாதி கிண்ணத்துக்கு வெளியே சிந்தியது. என் முகத்தில் காற்றுப் பையை அழுத்தியபோது தவறாத கை அது. அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

17. ஆகவே, அக்டோபர் 6ஆம் தேதிக்குக் குறித்துள்ள விசாரணையைச் செப்டம்பர் 25க்கு முன் நடத்த ஆணையிட வேண்டுகிறேன். அது இயலாதெனில், விசாரணை முடிவுக்குக் கட்டுப்பட்டு டாக்டர் லிசெத் மொரேய்ராவைக் குலுக்கலில் கலந்துகொள்ள அனுமதிக்க வேண்டுகிறேன். என்னையும், செவிலியர் ஹாசிந்தா, டாக்டர்கள் ஒர்தோன்யெஸ், சுக்கில்யா ஆகியோரையும் சாட்சிகளாக அழைக்க வேண்டும். உண்மையைத் தாமாக முன்வந்து சொன்னதற்காக டாக்டர் சுக்கில்யாவின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படக் கூடாது. அப்படி எடுக்கப்பட்டால் இந்த மனுவால் ஒரு தவறு நீங்கி இன்னொரு தவறு முளைத்ததாகும். படத்தின் முழு அளவு நகல், மூன்று வாக்குமூலங்கள், பணி ஆணை ஆகியவை இத்துடன் உள்ளன.

18. இன்றைய நிலையில் நிலுவையில் இருப்பவை இவை. என் வாக்குமூலம் பெறப்படவில்லை. படத்தில் இருப்பவரின் உயரத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை. தங்கள் அலுவலகத்தின் பெறுகைச் சீட்டில் அச்சாகும் பதினைந்து நாள் கெடுவின்படி இந்த மனுவுக்குப் பதில் செப்டம்பர் 26 அன்று வரும். அது குலுக்கலுக்கு மறுநாள். அத்தனை நாள் காத்திருக்க இயலாது என்பதால், 14ஆம் தேதி திங்கட்கிழமை காலை அலுவலகம் திறக்கும்போது நேரில் வருகிறேன். தாங்கள் அழைக்கும் வரை நடைக்கூடத்தில் இருப்பேன். குலுக்கல் 25ஆம் தேதி காலை ஒன்பது மணிக்குத் தொடங்குவதாக அறிவிப்புப் பலகை சொல்கிறது.

இடம்: புவெர்த்தோ சான் லெயாந்த்ரோ
நாள்: 11 செப்டம்பர் 2020, வெள்ளிக்கிழமை

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ரிகோபெர்த்தோ செவாயோஸ்

மேலே எழுதியிருப்பதை வாசித்தேன். படம் எடுத்தவள் நான்தான். படத்தில் இருப்பது அந்தப் பெண் இல்லை. திங்கட்கிழமை நானும் வருகிறேன்.
(ஒப்பம்)
தெலிதா வேரா தெ செவாயோஸ், புகார்தாரர்